காவலர் கையேட்டிலிருந்து கல்லூரிப் பாடம் வரை: திருவள்ளூர் வட்டாரமும் குற்றவியல் கல்வியும்

குற்றம் ஏன் நிகழ்கிறது, எதனைக் குற்றமென்று சட்டம் வகுக்கிறது, குற்றம் செய்தவரையும் அதனால் பாதிக்கப்பட்டவரையும் அரசும் சமூகமும் எவ்வாறு நடத்துகின்றன என்னும் கேள்விகளை முறையாக ஆராயும் துறை குற்றவியல் எனப்படுகிறது. பிளஸ் டூ முடித்த மாணவர் அதனை மூன்றாண்டுப் பட்டமாகப் படிக்க முடிவது தமிழ்நாட்டில் அண்மைக்கால ஏற்பாடே ஆகும். ஏனைய துறைகள் பல இளநிலையில் தொடங்கி முதுநிலைக்கு வளர்ந்திருக்க, இத்துறை காவல் அதிகாரியின் கையேடாகத் தொடங்கி, சிறை அலுவலர்களுக்கும் நன்னடத்தை அலுவலர்களுக்கும் உரிய பயிற்சியாகி, முதுநிலைப் பட்டமாகி, கடைசியாகவே இளநிலை வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது. 1997 வரை பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த திருவள்ளூர் வட்டாரத்தில் இந்த வளர்ச்சியின் தடங்களைக் காணலாம்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திருவள்ளூர் வழியாக ஓடியது. ஓடும் வண்டியில் நிகழும் திருட்டு எந்தக் காவல் நிலையத்தின் எல்லைக்குள் வரும் என்பதே புதிய சிக்கலாக, சென்னை மாகாணக் காவல்துறையினர் தம் அனுபவத்தை நூலாக்கத் தொடங்கினர். எப்.எஸ். முல்லாலி 1892இல் மாகாணத்தின் 'குற்ற வகுப்பினர்' பற்றிய குறிப்புகளை வெளியிட்டார். மாகாணக் காவல்துறையைச் சேர்ந்த பாப்பா ராவ் நாயுடு 1900இல் ரயில் திருடர்களின் வரலாற்றை, துப்பறிவோருக்கான குறிப்புகளோடு எழுதினார். திருடும் முறைகளை நுணுக்கமாகப் பதிவு செய்த இத்தகைய நூல்கள், திருட்டின் காரணத்தைப் பிறப்பில் தேடின. 1871இல் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டின் புதிய சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதன்படி அறிவிக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் கைரேகை பதிய வேண்டியவராகவும், தம் இருப்பிடத்தையும் பயணத்தையும் காவலரிடம் தெரிவிக்க வேண்டியவராகவும் ஆனார். இச்சட்டத்துக்கு உள்ளான குறவர்கள் முன்பு உப்பும் தானியமும் பொதிமாடுகளில் ஏற்றி ஊர் ஊராக விற்றவர்கள் என்றும், அந்த வாணிகத்தை அரசின் உப்புக் கொள்கையும் ரயில் பாதையுமே முடக்கின என்றும் வரலாற்றாசிரியர் மீனா ராதாகிருஷ்ணா பின்னாளில் காட்டினார். ஒரு சமூகத்தின் பிழைப்பைப் பறித்த அதே ரயில் பாதை, அச்சமூகத்தைக் குற்றவாளிகளாக எழுதிய நூல்களுக்கும் களமாயிற்று. சென்னை மாகாணம் 1947இல் இச்சட்டத்தை நீக்க, 1952இல் அது நாடு முழுவதும் ஒழிந்தது.

பிறப்பைக் காரணமாகக் கொண்ட இப்பார்வைக்கு அருகிலேயே, குற்றம் செய்தவரைத் திருத்த முடியும் என்னும் மற்றொரு பார்வையும் வளர்ந்து வந்தது. செங்கல்பட்டில் 1887இல் சிறார்களுக்கான சீர்திருத்தப் பள்ளி தொடங்கப்பட்டது. 1920இல் இயற்றப்பட்ட சென்னைச் சிறுவர் சட்டம், இந்தியாவில் சிறாருக்கெனத் தனி நீதிமுறையை வகுத்த முதல் மாகாணச் சட்டமாக அமைந்தது. 1926இல் இளங்குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளிச் சட்டமும், 1936இல் தண்டனைக்கு மாற்றாகக் கண்காணிப்பில் விடுவிக்க வழி செய்த நன்னடத்தைச் சட்டமும் தொடர்ந்தன. ஒருவரைச் சிறைக்கு அனுப்பலாமா, வீட்டுக்கு அனுப்பலாமா என்று நீதிபதி முடிவு செய்யுமுன், அவருடைய குடும்பம், தொழில், பழக்கவழக்கம் ஆகியவற்றை விசாரித்து அறிக்கை தரும் நன்னடத்தை அலுவலர் தேவைப்பட்டார். மனித நடத்தையை ஆராயும் முறையான பயிற்சி தேவை என்ற எண்ணம் இந்த அறிக்கைகளிலிருந்தே வலுப்பெற்றது.

அப்பயிற்சியை முதலில் அளித்தது பம்பாயில் 1936இல் தொடங்கப்பட்டு, பின்னர் டாடா சமூக அறிவியல் நிறுவனமாக வளர்ந்த கல்விக்கூடம். ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணராக 1951–52இல் இந்தியா வந்த அமெரிக்கக் குற்றவியலாளர் வால்டர் ரெக்லெஸ், சிறை நிர்வாகத்துக்குப் பயிற்சி பெற்ற அலுவலர்கள் தேவை என்று வலியுறுத்தினார். 1959இல் சாகர் பல்கலைக்கழகம் குற்றவியலுக்கும் தடய அறிவியலுக்கும் ஒரு துறையை நிறுவியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1960களில் உளவியல் துறையின் நிழலில் தொடங்கிய குற்றவியல் கல்வி 1983இல் தனித் துறையாயிற்று. இந்தியக் குற்றவியல் கழகம் 1970இல் சென்னையில் உருவானது. இப்படிப்புகள் பெரும்பாலும் பட்டயமாகவோ முதுநிலையாகவோ அமைந்து, ஏற்கெனவே பணியில் இருந்தோரையும் வேறொரு பட்டம் பெற்றோரையுமே பெரிதும் நோக்கின.

குற்றவியலுக்குத் துணைநிற்கும் தடய அறிவியலுக்குச் சென்னையில் நெடிய மரபு உண்டு. நஞ்சினால் நேர்ந்த மரணங்களை ஆராயும் வேதியியல் ஆய்வகம் 1849இலேயே இங்கு அமைக்கப்பட்டது. அம்மரபு உலகின் கவனத்தைப் பெற்றது 1991 மே 21இல் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோதாகும். அங்கே உயிரிழந்த புகைப்படக்காரரின் கேமராவில் மிஞ்சிய படங்களையும், சிதறிய துணித்துண்டுகளையும் கொண்டு, மாநிலத் தடய அறிவியல் துறையின் இயக்குநர் ப. சந்திரசேகரன் வெடிகுண்டு இடுப்புப் பட்டையாக அணியப்பட்டிருந்ததை நிறுவினார். வழக்கு திருவள்ளூர் மாவட்டத்துப் பூந்தமல்லியின் தனி நீதிமன்றத்தில் நடந்தது. 1998 ஜனவரியில் அந்நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்க, 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதனை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்து, 19 பேர் வெளிவர வழி செய்தது. ஒரே சான்றுத் தொகுப்பை இரு நீதிமன்றங்கள் இவ்வளவு வேறாக எடையிட்டதை ஆராய்வது மாணவருக்கு நல்ல பாடமாகும். சென்னையின் பழைய மத்திய சிறை 2006இல் மாற்றப்பட்டபோது, அது சென்று சேர்ந்த புழலும் அன்று இம்மாவட்டத்துக்கு உட்பட்டே இருந்தது.

காவலரையும் கைதியையும் சுற்றியே இயங்கிய இத்துறை, பாதிக்கப்பட்டவரின் பக்கம் திரும்பியதில் சென்னைக்குத் தனிப்பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கு. சொக்கலிங்கத்தின் முன்முயற்சியில், பாதிக்கப்பட்டோரின் நிலையையும் உரிமையையும் ஆராயும் இந்தியக் கழகம் 1992இல் அமைந்தது. 1995இல் தமிழக அரசு பாதிக்கப்பட்டோர் உதவி நிதியை ஏற்படுத்தியது. இழப்பீட்டுத் திட்டத்தை எல்லா மாநிலங்களுக்கும் கடமையாக்கிய 357ஏ பிரிவு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2009இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இப்பார்வையின் பொருளைச் செங்குன்றத்து அரிசி ஆலைகளிலும் மாவட்டத்தின் செங்கல் சூளைகளிலும் காணலாம். முன்பணம் வாங்கிய இருளர் குடும்பம், அக்கடன் தீரும் வரை குறைந்த கூலிக்கு அங்கேயே தங்கி உழைக்க வேண்டிய நிலை, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றமாகும். விசாரிக்க வரும் அதிகாரி, வாங்கிய முன்பணம் எவ்வளவு, கூலி கணக்கு எப்படி, திருவிழாவுக்கோ சாவுக்கோ ஊருக்குப் போய்வர முடிகிறதா, வேறிடத்தில் வேலைக்குப் போகலாமா என்று கேட்கிறார். இச்சட்டத்தின் 15ஆம் பிரிவு, அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் மீதே சுமத்துகிறது. விடுவிப்புச் சான்றிதழ் தொழிலாளி விடுவிக்கப்பட்டதற்கு ஆவணமாக நிற்க, அவருடைய கடன் சட்டத்தின் வலுவாலேயே ஒழிந்துபோகிறது. குற்றம் என்பது தடியோடு வருவது மட்டுமன்று, கணக்குப் புத்தகத்திலும் இருக்கும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று அரிது.

இப்பின்னணியில்தான் குற்றவியலையும் காவல் நிர்வாகத்தையும் இணைத்த இளநிலைப் பட்டங்கள் தமிழகக் கல்லூரிகளிலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களிலும் இடம்பெற்றன. உதவி ஆய்வாளர் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதுமாதலின், இப்பட்டம் தனியே வேலையை உறுதி செய்வதில்லை. எனினும் சிறார் நீதி, சிறை நிர்வாகம், பாதிக்கப்பட்டோர் உதவி ஆகிய பணிகளுக்கு அது அடித்தளமாகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புலம்பெயர் தொழிலாளர், எளாவூர் சோதனைச்சாவடி, ஆந்திர எல்லை வழியே கடத்தப்படும் ரேஷன் அரிசி என, பாடநூலில் இல்லாத பல ஆய்வுப்பொருள்கள் மாணவரின் ஊர் அருகிலேயே உள்ளன.

ஆயினும் இளநிலைப் பட்டத்தின் வரலாற்று முக்கியத்துவம் வேலைவாய்ப்பில் மட்டும் அடங்குவதன்று. நூறாண்டுக்கும் மேலாகக் குற்றத்தைப் பற்றி எழுதியோர் காவல் காத்தவர்களே. அவர்கள் எழுத்துக்குப் பொருளானவர்களுக்கு அந்த எழுத்தைத் திருத்தும் இடம் இருந்ததில்லை. பிளஸ் டூ தேர்ச்சி ஒன்றையே தகுதியாகக் கேட்கும் வகுப்பில், குறவர் வீட்டு மாணவரும் இருளர் வீட்டு மாணவியும் முல்லாலியின் குறிப்புகளை ஆவணமாக எடுத்து விமர்சிக்க முடியும். அவ்விமர்சனத்துக்கு இடமளிக்காமல் சட்டப் பிரிவுகளையும் காவல் பதவிகளின் வரிசையையும் மனப்பாடம் செய்விக்கும் பாடத்திட்டம், பழைய கையேட்டின் புதிய பதிப்பாகவே அமையும்.