கச்சால் தீவும் மூளையின் சுவிட்சுகளும்

1964ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையின் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும் என்று பங்கு பிரித்தார்கள். அப்படி வந்தவர்களில் சில குடும்பங்களை 1970களில் நிக்கோபாரின் கச்சால் தீவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்கு அனுப்பினார்கள். தேயிலை மலையை விட்டுக் கிளம்பி நடுக்கடல் தீவில் குடியேறிய இந்தத் தமிழர்களைப் பற்றி வெளிநாட்டில் இருக்கும் நாம்கூட அதிகம் பேசுவதில்லை.

2004 டிசம்பர் 26. சுனாமி மிக மோசமாக அடித்த தீவுகளில் கச்சாலும் ஒன்று. 2001 கணக்கெடுப்பில் 42,068 பேர் இருந்த நிக்கோபார் மாவட்டத்தில் 2011ல் 36,842 பேர்தான்.

சுனாமிக்குப் பிந்தைய மாதங்களில் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் அந்தமான் நிக்கோபாரில் உயிர் பிழைத்தவர்களைப் பரிசோதித்தார்கள். இடம் பெயர்ந்தவர்களில் 5.2 சதவீதம் பேருக்கு மனநோய் இருந்தது. சொந்த இடத்திலேயே இருந்தவர்களில் 2.8 சதவீதம். மனச்சோர்வு இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம்.

அலை வடிந்த பிறகும் உடம்பு ஏன் பயந்துகொண்டே இருக்கிறது? இந்தக் கேள்விக்கு ஒரு துப்பு அதே 2004ல் மாண்ட்ரீல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. மைக்கேல் மீனி, மோஷே ஷிஃப் குழுவினர் எலிக்குட்டிகளை ஆராய்ந்தார்கள். தாய் அதிகம் நக்கிக் கொடுக்காத குட்டிகளின் மூளையில், பதற்ற ஹார்மோனுக்கு பிரேக் போடும் ஒரு மரபணுவின் மேல் மெத்தில் என்ற வேதிக்குறி அதிகமாக ஒட்டியிருந்தது. மரபணுவின் எழுத்து மாறவில்லை, சுவிட்சு மட்டும் பாதி அணைந்துவிட்டது. பிரேக் பிடிக்காததால் குட்டி வளர்ந்தும் சின்னச் சத்தத்துக்கே நடுங்கும்.

எலிக்கு நடந்தது மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 2013ல் ம்யூனிக் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள், சிறு வயதில் கொடுமை அனுபவித்தவர்களில் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கு எஃப்கேபிபி5 என்ற மரபணுவில் குறி குறைந்திருப்பதைக் கண்டார்கள். அதுவும் பதற்ற ஹார்மோனோடு தொடர்புடைய மரபணுதான். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். பிறவியில் வந்ததும் வாழ்க்கையில் பட்டதும் சேர்ந்துதான் சுவிட்சைத் தொடுகின்றன.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். மாண்ட்ரீலில் குட்டிகளைப் பாசமான இன்னொரு தாயிடம் விட்டபோது குறிகள் வேறு மாதிரி அமைந்தன. வளர்ந்த எலிக்கு மருந்து கொடுத்தும் குறியை மாற்ற முடிந்தது. தீவுகளில் தாங்க உதவியவை என்று நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் குறித்தவையும் கிட்டத்தட்ட இதே வகைதான்: குடும்பம், ஒட்டுமொத்த ஊர், நம்பிக்கை.

இரண்டு தடவை வேர் பிடுங்கப்பட்ட கச்சால் குடும்பங்களுக்கு நிவாரணம் என்றால் கூரையும் அரிசியும் மட்டும் போதாது. பக்கத்து வீட்டுக்காரர்களைப் பக்கத்திலேயே குடியேற்றுவதும் மருத்துவம்தான். ஊரை விட்டு ஊர் வந்து, குழந்தைகளை அக்கம்பக்கம் இல்லாமல் வளர்க்கும் நாமும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம், இல்லையா?