பிள்ளைகள் நம் அமானிதம்

சிங்கப்பூருக்கு வணிகம் செய்ய வந்த நம் முன்னோரில் பலர் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். கடையநல்லூரார் பலர் குடும்பத்தோடு தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினர். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அமைந்தது. போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், அது உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. 1982 வரை அப்பள்ளி நம் பிள்ளைகளுக்குக் கல்வி அளித்தது.

வீடும் பள்ளியும் பள்ளிவாசலும் அருகருகே இருந்த காலத்தில், ஒரு பிள்ளையின் முகம் வாடினால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். ஆனால் தெரிந்ததையெல்லாம் நாம் தட்டிக் கேட்கவில்லை. "அடித்து வளர்ப்பது", "குடும்ப மானம்" என்ற சொற்கள் நம் வாயை அடைத்தன.

சட்டமும் அமைப்புகளும் படிப்படியாக வந்தன. 1949இல் சிறார், இளையர் சட்டம். 1952இல் முஸ்லிம் பெண்களின் பிபிஐஎஸ் சங்கம். 1958இல் ஷரியா நீதிமன்றம். முன்பு எளிதில் பதிவான தலாக், அதன்பின் வெகுவாகக் குறைந்தது. குடும்பம் நிலைத்தது பிள்ளைகளுக்குப் பெரும் பாதுகாப்பு.

அடுக்குமாடி வீடுகளுக்கு மாறித் தீவெங்கும் பரவியபின், அண்டை வீட்டுக் கண்கள் குறைந்துவிட்டன. சங்கத்தின் குடும்ப தினமும் மதரஸா வகுப்பும் திருமண ஆலோசனையும்தான் இனி நமக்கு அந்தக் கண்கள். ஒரு பிள்ளை துன்பப்படுவதாகத் தோன்றினால் குடும்பச் சேவை நிலையத்தை நாடுவோம். 24 மணி நேரமும் இயங்கும் தேசிய வன்முறைத் தடுப்பு உதவி எண் 1800-777-0000ஐ அழைப்போம். அது காட்டிக்கொடுப்பது அன்று. அல்லாஹ் தந்த அமானிதத்தைக் காப்பது.