முட்டுக்காட்டுத் துடுப்புக்காலிகளும் சூடேறும் கடலும்

முட்டுக்காட்டு உப்பங்கழியில் பொடிக்கண் வலையை இழுத்து, அதில் சேர்ந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், தூசு துள்ளுவதுபோல் தெரியும். அவை துடுப்புக்காலிகள், பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே உள்ள ஓட்டுடலிகள். நுண்ணோக்கியில் பார்த்தால் இனம் பிரிக்கலாம். ஆய்த்தோனாவின் பெண் இரண்டு முட்டைப் பைகளை உடலோடு சுமந்து திரியும். அக்கார்ஷியா முட்டைகளை அப்படியே நீரில் விட்டுவிடும். காப்பு ஏதும் கிடையாது. நெத்திலிக்கும் சாளைக்கும் இவையும் இரை. இதே முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் கொடுவா மீனைச் செயற்கைமுறையில் இனப்பெருக்கம் செய்துகாட்டியது. இயற்கையில் அந்தக் கொடுவாக் குஞ்சுக்கும் தொடக்க உணவு இத்தகைய சிற்றுயிர்களே.

இவை வாழும் நீரோ மாறிவருகிறது. தொழிற்புரட்சிக்கு முன் கடல்மேற்பரப்பின் பிஎச் 8.2 அளவில் இருந்தது, இன்று 8.1-க்கு இறங்கியிருக்கிறது. எண்ணில் அற்பமாகத் தோன்றும் இந்த இறக்கம், அமிலத்தன்மை கால்பங்குக்கு மேல் கூடியதைக் குறிக்கிறது. கூடவே வெப்பமும் ஏறுகிறது. இரண்டையும் சேர்த்துச் சோதித்தவர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் டாம் குழுவினர். அக்கார்ஷியா டான்சா என்னும் இனத்தை 25 தலைமுறைகள், ஏறத்தாழ ஓராண்டு, வளர்த்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். வெப்பமும் அமிலமும் கூடிய நீரில் முட்டையிடுதலும் பொரிப்பும் குறைந்து, இனம் பெருகும் திறன் தொடக்கத்தில் 56 விழுக்காடு சரிந்தது. மூன்றாம் தலைமுறைக்குள் அவ்விரண்டும் மீண்டன. அதன்பின் சராசரி இழப்பு 9 விழுக்காடுதான்.

இந்த 9 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது என்பதே என் கருத்து. பிந்தைய தலைமுறைகளில் பிழைத்திருக்கும் விகிதம் குறைந்ததால் மீட்சி முழுமை பெறவில்லை. 2022-இல் வெளியான தொடர் ஆய்வு இன்னும் கவலை தருவது. புதிய நிலைமைக்கு 20 தலைமுறைகள் பழகியவற்றைப் பழைய நீருக்கு மாற்றியபோதும், இரையைக் குறைத்தபோதும், முட்டை குறைந்தது, பெருக்கமும் தளர்ந்தது. சூழலுக்கேற்ப மரபணுக்களின் செயல்பாட்டை மாற்றிக்கொள்ளும் நெகிழ்வு மங்கியிருந்தது. பழைய நீரின் இயல்புக்குத் திரும்ப மூன்று தலைமுறைகள் பிடித்தன.

ஆனால் முட்டுக்காட்டு நீர் மூன்று தலைமுறைக்குக் காத்திராது. கோடையில் கழி கடலோடு சேரும் கோவளம் முகத்துவாரம் மணலால் அடைபட்டு, உப்பு ஏறும். ஐப்பசி மழையில் நன்னீர் பாய்ந்து, முகத்துவாரம் உடைத்துக்கொண்டு எல்லாம் தலைகீழாகும். இந்தக் கழியில் பிழைப்பதற்கு முதல் தேவையே அந்த நெகிழ்வுதான். மேலும், கனெக்டிகட் ஆய்வில் குளிர்ந்த நீர் 18 டிகிரி செல்சியஸ், சூடேற்றிய நீர் 22. வங்கக் கடலின் மேற்பரப்போ ஆண்டின் பெரும்பகுதியில் 28 டிகிரிக்கும் மேல் இருக்கிறது. வெப்ப உச்சத்தை ஒட்டியே வாழும் நம் இனங்களுக்கு நகர இடம் குறைவு.

ஆகவே அந்நியக் கடலின் எண்களை இங்கே அப்படியே பொருத்த முடியாது. நம் அக்கார்ஷியாவையும் ஆய்த்தோனாவையும் நம் வெப்பத்தில், உப்பும் இரையும் மாறிமாறி வரும் நீரில், தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்க்க வேண்டும். இந்தச் சூட்டில் அவற்றின் தலைமுறைகள் விரைந்தே கழியும். இரண்டு வடகிழக்குப் பருவமழைகளைக் கடக்கும்வரை தொட்டிகளைத் தொடர்ந்து பராமரித்தால் போதும், சரிவு எவ்வளவு, மீட்சி எவ்வளவு என்பதற்கு நம் கழியின் சொந்தக் கணக்கே கைக்கு வந்துவிடும்.