ரெண்டு கார்டு போட்டா ரெண்டு மடங்கா?

போன வாரம் பையன் ஒரு மனுவோடு வந்தான். எங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது 2017-ல் வாங்கிய ஜிடிஎக்ஸ் 1070 கிராஃபிக்ஸ் கார்டு. அதே கார்டை நண்பனின் அண்ணன் மலிவாகத் தள்ளிவிடுகிறாராம். "ரெண்டையும் சேர்த்துப் போட்டா டபுள் ஸ்பீடுதானேப்பா?" என்றான். தங்கமணி என்னைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம், 'உங்க பிள்ளைதானே!'

நியாயமான கேள்விதான். 1998-ல் கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். அந்த வருடம் த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனம் வூடூ2 கார்டைக் கொண்டுவந்தது. ரெண்டு வாங்கி ஒரு சின்ன ரிப்பன் கேபிளால் இணைத்தால், திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒன்று வரையும், இரட்டைப்படை வரிகளை மற்றது வரையும். ஒரே கோலத்தை ரெண்டு பேர் பங்கு போட்டுப் போடுவது மாதிரி. 800x600-க்கு மேல் போகாத கார்டு, ஜோடி சேர்ந்ததும் 1024x768-க்குப் போனது. (வூடூ2-வுக்கு 3டி மட்டும்தான் தெரியும். சாதாரணத் திரைக்குத் தனியாக இன்னொரு கார்டு வேண்டும். ஆக மொத்தம் மூன்று! பாக்கெட் என்னத்துக்கு ஆகும்?)

2000 டிசம்பரில் த்ரீடிஎஃப்எக்ஸ் தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டது. எஸ்எல்ஐ என்ற மூன்றெழுத்தும் கூடவே போனது. 2004-ல் என்விடியா அதே எழுத்துகளுக்குப் புது விரிவாக்கம் கொடுத்து மறுபடி இறக்கியது. அடுத்த வருடமே ஏடிஐ-யின் கிராஸ்ஃபயர் போட்டிக்கு வந்தது.

இங்கேதான் சிக்கல். புது முறையில் பெரும்பாலும் வரிகளைப் பங்கு போடவில்லை, முழுப் படங்களை மாற்றி மாற்றிப் போட்டார்கள். முதல் ஃப்ரேம் இந்தக் கார்டு, அடுத்தது அந்தக் கார்டு. ரெண்டு தோசைக்கல் வைத்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் எத்தனை தோசை என்று எண்ணினால் டபுள். ஆனால் தட்டில் ரெண்டும் ஒன்றாக விழும், பிறகு வெறும் தட்டோடு காத்திருக்க வேண்டும். விளையாட்டில் இது திக்கித் திக்கி ஓடுவதாகத் தெரியும். மைக்ரோ ஸ்டட்டர் என்று திட்டித் தீர்த்தார்கள். நினைவகமும் கூடாது. ஒவ்வொரு கார்டும் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்ளும் என்பதால் 8+8 அங்கே 8-தான்.

அதைவிடப் பெரிய அடி, புதிய விளையாட்டுகள் போன ஃப்ரேமைப் பார்த்து அடுத்ததை வரைய ஆரம்பித்தது. போன ஃப்ரேம் பக்கத்துக் கார்டில் இருக்கிறதே! ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி டிரைவர் ப்ரொஃபைல் எழுத வேண்டியிருந்தது. 2021 ஜனவரி 1 முதல் புது ப்ரொஃபைல் எழுதுவதில்லை என்று என்விடியா கைகழுவியது. 2022-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-ல் இணைப்பதற்கான வாயே இல்லை.

"அப்போ ஏஐ-க்கு மட்டும் ஆயிரக்கணக்குல எப்படிச் சேர்க்கிறாங்க?" என்றான் பையன். பிடித்துவிட்டானே!

2012-ல் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கெவர், ஜெஃப்ரி ஹின்டன் மூவரும் செய்த அலெக்ஸ்நெட், 3 ஜிபி உள்ள ஒரு ஜிடிஎக்ஸ் 580-ல் அடங்கவில்லை. நெட்வொர்க்கைப் பாதியாகப் பிரித்து ரெண்டு கார்டில் வைத்தார்கள். சில அடுக்குகளில் மட்டும் ரெண்டும் பேசிக்கொள்ளும். ஐந்தாறு நாள் ஓடி, அந்த வருட இமேஜ்நெட் போட்டியில் தவறு 15.3 சதவீதம். இரண்டாவதாக வந்தவர்களுக்கு 26.2. இது எஸ்எல்ஐ இல்லை, வேறு வழி. இங்கே நகல் வேண்டாம், ஆளுக்குப் பாதி. விநாடிக்கு அறுபது தடவை திரைக்குப் பதில் சொல்லும் அவசரமும் கிடையாது. 2016-ல் என்விடியாவே என்விலிங்க் போட்டு எட்டு கார்டுகளை ஒரே பெட்டியில் இணைத்தது.

கதை முடிந்ததும் விளையாட்டுக்கு ரெண்டாவது கார்டு வேண்டாம் என்றேன். ஒப்புக்கொண்டான். ராத்திரி சாப்பாட்டில் அடுத்த மனு: மொழி மாடல் ஒன்றைப் பாதிப் பாதியாக ரெண்டு கார்டில் ஏற்றினால் 8+8 நிஜமாகவே 16 ஆகுமாமே, அதற்கு வாங்கலாமா?

ஆகும்தான். பவர் சப்ளை எத்தனை வாட் என்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். தங்கமணிக்கு இன்னும் தெரியாது.