மெட்டுக்கு அங்கிட்டு ஒரு வண்டி

சென்னையில ஒருத்தர் வண்டி வாங்கணும்னா எந்த ஷோரூம்ல விலை படியுதோ அங்க போவார், பணம் கட்டுவார், சாவியை வாங்கிட்டு வருவார். கம்பத்துல அப்படி இல்ல. எங்களுக்கு எட்டுற தூரத்துல ரெண்டு மாநிலம் இருக்கு. கம்பத்திலிருந்து தேனி சுமார் 40 கிலோமீட்டர். கம்பம்மெட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கினா கட்டப்பனையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எங்க ஆளுக்கு இங்க வீடு, அங்க ஏலத்தோட்டம். பொண்ணு கொடுத்தது அங்க, எடுத்தது இங்க. வண்டியை மட்டும் அங்கிட்டு வாங்கக் கூடாதுன்னா எப்படி?

வாங்கக் கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்ல. அரசியல் சாசனத்தின் 301-வது பிரிவு, நாட்டுக்குள்ள வியாபாரமும் போக்குவரத்தும் தடையில்லாம நடக்கணும்னு சொல்லுது. ஆனா அந்தத் தடையை ஒவ்வொரு காலத்துல ஒவ்வொருத்தர் போட்டிருக்காங்க. முதல்ல சர்க்கார், பிறகு வரி, கடைசியா கம்பெனி.

1956 நவம்பர் 1-ம் தேதி மொழிவாரியா மாநிலம் பிரிச்சப்ப தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோட போச்சு. தமிழ்நாட்டோட சேர்க்கணும்னு நடந்த போராட்டமெல்லாம் தனிக் கதை, அதை இன்னொரு நாள் எழுதுறேன். கோடு மலை மேல விழுந்ததே தவிர, வேலைக்குப் போற சனம் நிக்கல. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூணு வழியாவும் இன்னைக்கு வரைக்கும் விடியறதுக்கு முன்னாடி ஜீப்பு ஜீப்பா ஆள் ஏறுது, சாயங்காலம் இறங்குது. தேவாரத்துக்காரங்க சாக்கலூத்து மெட்டுக்கு ரோடு கேட்டுக்கேட்டு அலுத்துப் போயிருக்காங்க.

அந்த ஜீப்பு இல்லைன்னா ஏலக்காய் இல்ல. ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்கப் பட்டாளத்துக்காகச் செஞ்ச வில்லிஸ் ஜீப்பை, சுதந்திரத்தை ஒட்டி மகிந்திரா கம்பெனி இங்க கொண்டுவந்து பூட்டி விக்க ஆரம்பிச்சுது. பிறகு கமாண்டர், மார்ஷல், மேஜர்னு வரிசையா வந்துச்சு. சேறும் கல்லுமா இருக்குற தோட்டத்துப் பாதையில கார் என்ன செய்யும்? அதனால எங்க பக்கம் ஜீப்பு சொகுசுக்கு வாங்குற வண்டி இல்ல. அது மம்பட்டி மாதிரி.

ஆனா எந்த வண்டியும் அன்னைக்கு நினைச்சதும் கிடைக்காது. 1959-ல காருக்கு, 1960-ல ஸ்கூட்டருக்கு, 1971-ல டிராக்டருக்குன்னு மத்திய அரசு விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை போட்டுச்சு. டீலர்கிட்ட பேரைப் பதிஞ்சு வரிசையில நிக்கணும். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பத்து வருஷம் காத்திருந்த கதையை உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. கல்யாணத்துக்குன்னு புக் பண்ணின ஸ்கூட்டர், பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது வரும். முறை வந்த சீட்டை லாபத்துக்கு விக்கிறதே ஒரு தொழிலா நடந்துச்சு. எங்க ஊர்ப் பெரிசுகள் சொல்றபடி, தன் பேர்ல ஒண்ணு, பொண்டாட்டி பேர்ல ஒண்ணு, மலை மேல இருக்குற மச்சான் விலாசத்துல ஒண்ணுன்னு பதிஞ்சு வைப்பாங்களாம். எது முதல்ல வருதோ அது. இதைத் திருட்டுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. பஞ்சத்துல ரெண்டு கிணத்துல வாளி போடுறவனை என்ன சொல்றது?

1991-க்குப் பிறகு வண்டி தாராளமா வந்துச்சு. அதுக்குள்ள வரி வேலி போட்டாச்சு. மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி வேற வேற. பாண்டிச்சேரியில குறைவுங்கிறதால அங்க போய் வாங்குறவங்க நிறைய. அதைத் தடுக்கத் தமிழ்நாடு 1990-ல மோட்டார் வாகன நுழைவு வரிச் சட்டம் கொண்டுவந்துச்சு. வெளி மாநிலத்துல வாங்கி இங்க பதிஞ்சா, அங்க கட்டின வரியைக் கழிச்சுட்டு மிச்சத்தை இங்க கட்டணும். 2021-ல நடிகர் விஜய்யோட ரோல்ஸ் ராய்ஸ் கார் வழக்குப் பேப்பர்ல வந்தப்பதான் பட்டணத்துல பல பேருக்கு இந்த வரி பேரே தெரிஞ்சுது. எங்களுக்கு அது ஆர்.டி.ஓ. ஆபீஸ் புரோக்கர் வாயில தினம் கேட்ட பேரு. 2017 ஜூலை 1-ல ஜி.எஸ்.டி. வந்ததும் அது போச்சு. இப்ப பில்லுல இருக்குற வரி கம்பத்திலும் கட்டப்பனையிலும் ஒண்ணுதான். சாலை வரி மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேற.

சரி, வரி போச்சுல்ல, இனி எங்க வேணா வாங்கலாமேன்னு கேட்பீங்க. அங்கதான் கம்பெனி நிக்குது.

ஜி.எஸ்.டி.க்குச் சில வருஷம் முன்னாடி நான் ஒரு பிக்கப் வாங்க அலைஞ்சேன். வாழைத்தாரும் திராட்சையும் ஏத்திக் குமுளி, கோட்டயம் போறதுக்கு. இந்தப் பக்கம் மூணு மாசம் ஆகும்னாங்க. மலைக்கு அங்கிட்டு ஒரு டீலர்கிட்ட அதே வண்டி, அதே கலர், மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னுச்சு. கையில பணத்தோட போனேன். அந்த மேனேஜர் நல்ல மனுஷன், தமிழ்லயே பேசினார். "சேட்டா, தமிழ்நாட்டு விலாசத்துக்கு நான் பில் போட்டா அது என் கணக்குல சேராது. அதுக்கு மேல கம்பெனிக்கு வேற பதில் சொல்லணும். கேரள விலாசம் ஏதாவது கொண்டு வாங்க, நாளைக்கே வண்டியை எடுத்துட்டுப் போங்க." வண்டன்மேட்டுல மச்சினன் இருக்கான், விலாசத்துக்குப் பஞ்சமில்ல. ஆனா கேரளாவுல பதிஞ்சு, அங்க வரி கட்டி, வண்டி இங்கயே நிக்குதுன்னு பன்னிரண்டு மாசத்துக்குள்ள என்.ஓ.சி. வாங்கி, திரும்ப இங்க ஒரு வரி கட்டி, அங்க கட்டினதைத் திருப்பிக் கேட்டு அலையணும். கூட்டிக் கழிச்சுப் பார்த்தேன். மூணு மாசம் வாடகை வண்டியே பரவாயில்லன்னு திரும்பிட்டேன்.

'கணக்குல சேராது'ங்கிற அந்த வார்த்தை மனசுல தங்கிடுச்சு. அப்புறம் ஒருநாள் படிச்சேன், ஐரோப்பாவுலயும் இதே கதை நடந்திருக்கு. 1990-கள்ல இத்தாலி நாணயமான லிரா சரிஞ்சதால அங்க ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்கள் மலிவாயிடுச்சு. ஜெர்மனி, ஆஸ்திரியாக்காரங்க ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குப் போய் வாங்க ஆரம்பிச்சாங்க. கம்பெனி என்ன செஞ்சுது? டீலருக்கு ஊக்கத்தொகை கணக்குப் போடும்போது, தன் எல்லைக்கு வெளியே வித்த வண்டியை மொத்த விற்பனையில 15 சதவீதத்துக்கு மேல சேர்க்கலை. மீறின டீலரை மிரட்டுச்சு, பத்துக்கு மேற்பட்டவங்க ஒப்பந்தத்தையே ரத்துப் பண்ணுச்சு. 1998 ஜனவரியில ஐரோப்பிய ஆணையம் 10.2 கோடி எக்யூ அபராதம் போட்டுச்சு. எக்யூங்கிறது யூரோவுக்கு முந்தைய கணக்கு. கோர்ட்டுல அது 9 கோடியா குறைஞ்சுது, ஆனா தப்பு தப்புதான்னு ஆச்சு. அவங்களுக்கு ஆல்ப்ஸ், நமக்குக் கம்பம்மெட்டு. வித்தியாசம் என்னன்னா, அங்க எல்லை தாண்டி வாங்குறவன் பக்கம் நின்னு கேட்க ஒரு ஆபீஸ் இருந்துச்சு.

இங்கயும் ஆபீஸ் இல்லாம இல்ல. போட்டிச் சட்டம் 2002-ல போட்டது. அதோட 3(4) பிரிவு, கம்பெனி டீலருக்கு ஏரியா பிரிச்சுக் கொடுக்குறதைப் பத்தியும் பேசுது. அதனால போட்டி கெடுதுன்னு நிரூபிச்சாத்தான் குத்தம். 2021 ஆகஸ்ட்ல மாருதி கம்பெனிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விழுந்துச்சு. டீலர் தன்னிஷ்டத்துக்குத் தள்ளுபடி கொடுக்கக் கூடாதுன்னு கட்டுப்படுத்தி, வாங்குறவங்க மாதிரி ஆள் அனுப்பி வேவு பார்த்தாங்கன்னு ஆணையம் சொல்லுச்சு. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போச்சு. அதுவும் தள்ளுபடி வழக்குதான், எல்லை வழக்கு இல்ல. ஒரு பிக்கப்புக்காக டெல்லி ஆணையத்துக்கு மனு எழுத எங்க பக்கம் யாருக்கு நேரம் இருக்கு? களை எடுக்கவே ஆள் கிடைக்கல.

கம்பெனி பக்கத்திலயும் ஒரு நியாயம் சொல்வாங்க. தேனியில கோடிக்கணக்குல முதல் போட்டு ஷோரூம், ஒர்க்‌ஷாப் வச்சிருக்கிறவன், பக்கத்து ஊர்க்காரன் ஆயிரம் ரூபாய் குறைச்சு வித்தா என்ன ஆவான்? இது எனக்கும் புரியுது. ஆனா ரெண்டு மாசம், மூணு மாசம் காத்திருக்கச் சொல்ற இடத்துல இந்த நியாயம் செல்லாது. வண்டியும் தரமாட்டேன், அடுத்தவனையும் தரவிடமாட்டேன்னா அது பழைய கட்டுப்பாட்டு ஆணைதான். சர்க்கார் முத்திரை மட்டும் இல்ல.

இதுல கடைசியா வந்தது பி.ஹெச். நம்பர். மாநிலம் மாறிமாறி வேலை பார்க்குறவங்க ஒவ்வொரு தடவையும் பதிவை மாத்த வேண்டாம்னு 2021-ல மத்திய அரசு கொண்டுவந்துச்சு. நல்ல விஷயம்னு சந்தோஷப்பட்டேன். படிச்சுப் பார்த்தா, அரசு ஊழியர், பட்டாளத்துக்காரர், அப்புறம் நாலு மாநிலத்துல ஆபீஸ் வச்சிருக்குற கம்பெனியில வேலை பார்க்குறவங்களுக்கு மட்டும். தினம் ரெண்டு மாநிலத்துல சக்கரம் உருள்ற எங்க வண்டிக்கு அதுல இடமில்ல.

வண்டி வழக்கமா எங்க நிக்குதோ, அந்த மாநிலத்துல பதியணும்னு சட்டம். எங்க தெருவுல ஒரு ஜீப்பு இருக்கு, கே.எல். 69, உடும்பன்சோலை நம்பர். பகல் முழுக்க அது அங்கிட்டு ஏலத்தோட்டத்துல ஓடுது, ராத்திரி இங்க வேப்பமரத்தடியில நிக்குது. ஓனருக்கு ரெண்டு பக்கமும் ரேஷன் கார்டு உள்ள சொந்தக்காரங்க இருக்காங்க. செக்போஸ்ட்ல கேட்டா எப்ப எந்தப் பதில் சொல்லணும்னு டிரைவர் பையனுக்கு நல்லாத் தெரியும்.