கிராம அறிவு மையங்கள்

வேளாண்மை, மீன்பிடிப்பு, உடல்நலம், அரசு நலத்திட்டங்கள் பற்றிய செய்திகளைக் கணினி வழியே திரட்டி, ஊராருக்குத் தமிழில் கட்டணமின்றி வழங்கிய ஊர்ப்பொது நிலையங்கள். சென்னை தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பகுதியில் இவற்றைத் தொடங்கியது.

தோற்றம்

தகவல் தொழில்நுட்பம் ஏழை எளியவரை எட்டுமா என்பது குறித்து இந்நிறுவனம் 1992இல் ஓர் ஆய்வரங்கம் நடத்தியது. ஆறு ஆண்டுகள் கழித்து, கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியுடன் அந்த எண்ணம் செயலுக்கு வந்தது. முதலில் ஊர் ஊராகப் போய், யார் யாரிடம் என்ன கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள் என்று விசாரித்தார்கள். டீக்கடை, சந்தை, உரக்கடை, அக்கம்பக்கத்து வீடு ஆகியவையே விவசாயிக்குச் செய்தி வரும் வழிகளாக இருந்தன. உரம் விற்பவரிடமே உரம் பற்றிய யோசனையும் கேட்க வேண்டியிருந்த நிலையை மாற்றுவது திட்டத்தின் தலையாய பணியாயிற்று.

மையம் வேண்டும் ஊர், இடத்தைத் தானே தர வேண்டும். தலித் மக்கள் உட்பட எல்லோரும் தடையின்றி வந்துபோக வேண்டும். உள்ளூர்த் தொண்டர்களே அதை நடத்த வேண்டும். தொண்டர்களில் பெரும்பாலோர் பெண்கள். எம்பலம் என்ற ஊரில் மையம் கோயில் வளாகத்திலேயே இயங்கியது. முழுப் பெருமையும் கணினிக்குப் போய்விடுவது வழக்கம். உண்மையில் இந்த நிபந்தனைகளே திட்டத்தின் உயிர்நாடி.

செயல்முறை

வில்லியனூர் தலைமை மையம். தொலைபேசி இணைப்பின் வழியே இணையம் அங்கே வந்தது. சுற்றியுள்ள ஊர்களுக்குத் தொலைபேசிக் கம்பி போதாததால் இருவழி வானொலிக் கருவிகளைப் பொருத்தினார்கள். பேச்சும் கணினித் தரவும் ஒரே அலைவரிசையில் போயின. மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய மின்தகடுகள் இருந்தன. நெல் விலை, விதை, இடுபொருள் விலை, அரசுத் திட்டங்கள், மருத்துவர் வரும் நேரம், பேருந்து நேரம் எனத் திரட்டியவை ஏராளம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்த குடும்பங்களின் பட்டியலும் மையத்தில் கிடைத்ததால், தன் பெயர் அதில் உண்டா என்று பார்க்க அலுவலகப் படி ஏற வேண்டியிருக்கவில்லை. 'நம்ம ஊரு செய்தி' என்ற இதழும் வெளிவந்தது.

மீனவ ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்கணிப்பை எடுத்துத் தமிழில் எழுதி, கடலுக்குப் போகுமுன் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது காதில் விழுந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியிலிருந்து நல்லவாடு ஊரைக் காத்ததும் ஒலிபெருக்கிதான். சிங்கப்பூரில் வேலை செய்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். வீட்டார் மூலம் செய்தி மையத்தை எட்ட, எல்லோரும் மேட்டுக்கு ஓடும்படி ஒலிபெருக்கி முழங்கியது. சுமார் 3,500 பேர் உயிர் தப்பினர்.

பரவல்

2004இல் இஸ்ரோவுடன் சேர்ந்து திருவையாறு, செம்பட்டி, தங்கச்சிமடம் ஆகிய இடங்களில் செயற்கைக்கோள் வழிக் கிராம வள மையங்கள் அமைந்தன. ஒவ்வொரு கிராமமும் 2007க்குள் அறிவு மையம் பெற வேண்டும் என்ற நாடுதழுவிய இயக்கமும் எழுந்தது. மேலூர் வட்டாரத்தில் சென்னை ஐஐடி தொழில்நுட்பத்தோடு 2001இல் தொடங்கிய 'சாரி' திட்டம் மாற்று வழியைப் பின்பற்றியது: தனியார் கட்டணம் வாங்கி நடத்தும் இணைய நிலையங்கள். அவற்றில் பல சில ஆண்டுகளில் மூடப்பட்டன. ஏழை விவசாயியின் தேவையை லாபக் கணக்கில் அடக்க முடியாது என்பதை இது காட்டியது.

இன்றைய நிலை

இத்தகைய செய்திகள் இன்று கைபேசியிலும் வருகின்றன: தமிழ்நாடு அரசு 2018இல் தொடங்கிய உழவன் செயலியில் மானியம், பயிர்க் காப்பீடு, உர இருப்பு, சந்தை விலை, இயந்திர வாடகை விவரங்கள் கிடைக்கின்றன. நேரடி ஆலோசனைக்கும் வழி உண்டு; எடுத்துக்காட்டாக, திருவள்ளூர் மாவட்ட விவசாயிகளுக்குத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையமும் அங்குள்ள வேளாண் அறிவியல் மையமும் நேரில் ஆலோசனை தருகின்றன.