பகுத்தலும் பெயரிடலும்

ஈரோட்டிலிருந்து கோயம்புத்தூருக்குச் செல்லும் இரயில் பாதையில், திருப்பூருக்குச் சற்று முன்னே அமைந்த ஊத்துக்குளி, வெகுகாலமாக வெண்ணெயால் கீர்த்தி பெற்ற ஊர். அந்த ஊரையும் அதைச் சூழ்ந்த கிராமங்களையும் பனியன் தொழில் தன்பால் ஈர்த்துக்கொண்ட சரித்திரத்தை ஊன்றி நோக்கினால், ஒரு நீண்ட காரியம் பல சிறு காரியங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பெயர் பெற்ற சரித்திரமாகவே அது விளங்கும்.

1925ஆம் ஆண்டு வாக்கில் திருப்பூரில் பின்னலாடைத் தொழில் வேரூன்றியபோது, நூலைப் பின்னுவது முதல் பெட்டி கட்டுவது வரையில் பல வேலைகள் ஒரே முதலாளியின் கூரைக்கீழ் நடந்தன. பிற்காலத்தில் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் என்று வேலைகள் தனித்தனி யூனிட்டுகளாயின. மூலதனத்தின் பாரம், ஆர்டரின் ஏற்ற இறக்கம், 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாட்கள் நடந்த வேலைநிறுத்தம் போன்ற தொழிற் பிணக்குகள் ஆகியவையே இதற்குக் காரணங்கள். புரிதலின் பொருட்டு எவரும் பிரிக்கவில்லை. ஆயினும் புரிதல் தானே வந்து சேர்ந்தது. வெட்டிய துணிக் கட்டுடன் செல்லும் சீட்டில் சைஸ், கலர், எண்ணிக்கை ஆகிய மூன்றும் இருந்துவிட்டால், முன்பு நடந்தது யாதென்று அறியாமலே தையற்காரர் தம் வேலையைத் தொடங்கிவிடுகிறார். தையல் பிசகினால் எந்த யூனிட்டைக் கேட்பது என்பதும் யாவர்க்கும் தெரிகிறது.

கணிப்பொறிக்கு நிரல் எழுதும் தொழிலும் இவ்வழியிலேயே வளர்ந்தது. கேம்பிரிட்ஜில் 1949இல் எட்சாக் என்னும் பொறி இயங்கத் தொடங்கியதும், அடிக்கடி வேண்டியிருந்த கணக்குகளைத் துணைநிரல்களாக எழுதிச் சேமிக்கும் வழக்கம் அங்கே உருவாயிற்று. வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவர் 1951இல் வெளியிட்ட நூல் அம்முறையை உலகறியச் செய்தது. எழுதியதையே திரும்ப எழுதும் சிரமத்தையும் அதனால் நேரும் பிழையையும் தவிர்ப்பதே அன்றைய பிரதான நோக்கம். படிப்பவனுடைய சௌகரியத்துக்காகவே பிரிக்கலாம் என்ற எண்ணம் படிப்படியாகவே வலுப்பெற்றது. காரியம் நடக்கும் வரிசையை மட்டும் பார்த்துப் பிரித்தல் போதாது, பின்னால் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் அடக்கிவைத்தல் வேண்டும் என்று 1972இல் கணிப்பொறி அறிஞர் பார்னஸ் வாதித்தார். வெளிப்பயனை மாற்றாமல் உள்ளமைப்பைச் சீர்திருத்தும் ‘ரீஃபாக்டரிங்’ என்னும் கலையை 1992இல் ஆப்டைக் என்பவர் தம் ஆய்வேட்டில் ஆராய்ந்தார். 1999இல் மார்ட்டின் ஃபவுலர் அதனை நூலாக்கி, ‘மெத்தட்’ எனப்படும் நிரற்பகுதி மிக நீண்டிருப்பதைக் குறைகளின் பட்டியலில் சேர்த்தார்.

பனியன் கம்பெனி ஒன்றில் சனிக்கிழமைக் கூலி போடும் நிரலை உதாரணமாகக் கொள்வோம். வருகையைப் படிப்பது, பீஸ் எண்ணிக்கையை ரேட்டால் பெருக்குவது, ஓவர்டைம் சேர்ப்பது, அட்வான்ஸும் பி.எஃப்பும் இ.எஸ்.ஐ.யும் பிடிப்பது, சீட்டு அச்சிடுவது ஆகிய அனைத்தும் ஒரே மெத்தட்டில் முந்நூறு வரியாக நீண்டிருக்குமானால், பிடித்தத்தின் விகிதம் மாறும் நாளில், ஒரு வரியைத் திருத்தவேண்டியவர் முந்நூறு வரியையும் மனத்தில் ஏந்த நேரிடும். அதனையே ‘பீஸ் கூலி கணக்கிடு’, ‘ஓவர்டைம் சேர்’, ‘பிடித்தங்களைக் கழி’, ‘சீட்டு அச்சிடு’ என்று பெயரிட்ட பகுதிகளாக எடுத்து வைத்தால், மூல மெத்தட் சில வரிகளில் கூலிக் கணக்கின் கதையைச் சொல்லி முடித்துவிடும். எடுப்பதற்கும் நியதி உண்டு. ஒரு சமயத்தில் ஒரு பகுதியையே பெயர்க்கவேண்டும். பெயர்த்தவுடன் சென்ற வாரத்து வருகையைக் கொடுத்து ஓட்டிப் பழைய சீட்டுகளோடு ஒப்பிடவேண்டும். ஒரு பைசா வேறுபட்டாலும் செய்தது சீர்திருத்தம் ஆகாது. ஒரு பகுதிக்கு ஏழெட்டு விவரங்களைக் கொடுத்தனுப்ப வேண்டியிருந்தால், வெட்டிய இடம் சரிதானா என்று மீண்டும் யோசிப்பது நலம்.

இதனால், வரிகளை எண்ணி நறுக்குவதே சீர்திருத்தம் என்று கொள்ளலாகாது. ஒரு பகுதி என்ன செய்கிறது என்பதற்கும், அதை எப்படிச் செய்கிறது என்பதற்கும் உள்ள தூரமே, நீளத்தைவிட முக்கியமானது என்பது ஃபவுலரின் அபிப்பிராயம். காரணமின்றித் துண்டாக்கிய நிரலில், படிப்பவர் பகுதிக்குப் பகுதி தாவித் தாவிக் களைத்துப்போவார். நோக்கத்தை நேராகச் சொல்லும் ஒரு பெயர் அகப்படும் இடமே வெட்டத் தகுந்த இடம். பெயர் அகப்படாவிட்டால், விஷயம் இன்னும் நமக்கே விளங்கவில்லை என்று அறிந்து, பொறுத்திருந்து மறுபடி படிக்கவேண்டும்.

ஆட்கள் அடிக்கடி கம்பெனி மாறும் இந்தப் பிரதேசத்தில், இன்று ஒருவர் எழுதிய கூலி நிரலை நாளை வேறொருவர் திருத்துவது சகஜம். அந்த நிரலில் ஒரு கணக்குப் பிசகினால், வாரம் முழுதும் தைத்தவருடைய கூலி குறையும். ஆதலால், நீண்ட மெத்தட்டில் மேலும் ஒரு நிபந்தனையைச் செருகும் முன்னர், அங்கே உள்ள ஒரு பகுதியையேனும் பிரித்து நல்ல பெயரிட்டு வைப்பது, அடுத்து வரும் நிரலாளருக்கும், அவரை நம்பிச் சீட்டு வாங்கும் தொழிலாளிக்கும் நாம் செலுத்தவேண்டிய கடமை.